பட்டாவைத் தேடிப் போகும் நிவாரணம்

பேரிடர் பெண்களை வேறுவிதமாகத் தாக்கும் என்பதற்குத் தமிழகத்தில் வழக்கமாகக் காட்டப்படும் சான்று 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையாகும். நாகப்பட்டினம் மாவட்டத்தில் பெண்கள் 2,406 பேரும் ஆண்கள் 1,883 பேரும் இறந்தனர் என 2005இல் ஆக்ஸ்பாம் தொண்டு நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, ஆழ்கடலில் இருந்த மீனவர் பலர் தப்பியதையும், மீனை எதிர்பார்த்துக் கரையில் நின்ற பெண்கள் அலையில் சிக்கியதையும் சுட்டியது. கடலில்லாத திண்டுக்கல் சமவெளியின் பேரிடரோ வறட்சி. மெல்ல வந்து நெடுநாள் தங்கும் அதற்குப் பிணக்கணக்கு இல்லை என்பதால், அதில் பெண்கள் இழப்பது எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை.

2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை மாநில அளவில் 62 விழுக்காடு குறைந்து, 2017 சனவரி 10 அன்று எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அப்போது வழங்கப்பட்ட இடுபொருள் மானியம், அதாவது கருகிய பயிருக்குச் செலவிட்ட விதை, உரம் முதலியவற்றை ஓரளவு ஈடுசெய்யும் தொகை, நில ஆவணத்தையும், கிராம நிர்வாக அலுவலர் பயிர்வாரியாக எழுதும் அடங்கலையும் ஒட்டியே கணக்கிடப்படுவது. குசிலியம்பாறை, வேடசந்தூர் பக்கத்து மானாவாரி நிலங்களில் களையெடுப்பும் அறுப்பும் பெரிதும் பெண்களின் வேலையாக இருந்தாலும், பட்டா தந்தை பெயரிலோ கணவர் பெயரிலோதான் இருக்கும். மகளுக்கும் பூர்விகச் சொத்தில் சமபங்கு தரும் சட்டம் தமிழகத்தில் 1989 முதலே நடப்பில் உள்ளது என்பது இங்கே பலருக்கு வியப்பாகவே இருக்கும். நிலமே இல்லாத தலித் பெண்களுக்கு இம்மானியத்தில் தொடக்கத்திலிருந்தே இடமில்லை. அவர்களுக்கு எஞ்சியது நூறு நாள் வேலை.

குழாயில் நீர் நின்றதும் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருப்பதும், மாட்டுக்குத் தீவனம் தேடுவதும், ஆண்கள் திருப்பூருக்குப் போய்விட்ட வீட்டை நடத்துவதும் கூலி கணக்கிடப்படாத பணிகள். இவற்றினும் கடுமையானது மகள்களின் கதி. மூன்றாண்டு வேலை முடிவில் திருமணத்துக்கென மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி இளம்பெண்களை விடுதியில் தங்கவைத்து வேலைவாங்கிய ‘சுமங்கலித் திட்டம்’, நூற்பாலைகள் நிறைந்த இம்மாவட்டத்துக்குப் புதியதன்று. வானம் பார்த்த பூமியில் விளைச்சல் பொய்த்த குடும்பங்களுக்கு அந்த வாக்குறுதி எளிதில் எட்டியது. பயிர்க் காப்பீடு கிடைக்காத வீட்டுக்கு மகளின் உழைப்பே காப்பீடாயிற்று என்பதே உண்மை. அதை வேலைவாய்ப்பு என்று மட்டும் எழுதி முடிப்பது நேர்மையாகாது.

2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61ஆம் பிரிவு நிவாரணத்தில் பால், சாதி முதலிய அடிப்படையிலான பாகுபாட்டைத் தடுக்கிறது. நிவாரணத்துக்கான குறைந்தபட்ச அளவுகோல்களை வகுக்கும் 12ஆம் பிரிவோ விதவைகளுக்கும் ஆதரவற்ற குழந்தைகளுக்கும் சிறப்பு ஏற்பாடு கோருகிறது; கணவன் உயிரோடிருக்கையில் உழும் பெண், அந்தச் சிறப்புக் கவனத்துக்குள் வருவதில்லை. எனவே மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் வறட்சித் திட்டம், பாதிப்பைக் கணக்கெடுக்கும்போது சர்வே எண்ணோடு நில்லாமல், நிலத்தில் உழைப்பவர் பெயரையும், தண்ணீருக்குச் செலவான நேரத்தையும், பள்ளியை விட்டு ஆலைக்குச் சென்ற சிறுமியரையும் ஊர்வாரியாகப் பதிவு செய்ய வேண்டும். லாரி வரும் நேரத்தை முடிவு செய்யும் கூட்டத்தில் குடம் சுமப்பவர்கள் இருக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டமோ பெருநிதியோ தேவையில்லை. படிவத்தில் சில பத்திகள் கூட்டினால் போதும்.