மாதிரி மலையிறங்கட்டும், நோயாளி அல்ல!

கழுத்தில் நெறி கட்டினால் நம் ஜனங்கள் பத்துப் போடுவார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். வலிக்காத கட்டிக்காக ஒரு நாள் கூலியை இழக்க யாரால் முடியும்? ஆனால் வாரக்கணக்கில் கரையாமல் நிற்கும் கட்டி காசநோயாக இருக்கலாம். கண்டமாலை என்று முன்னோர் சொன்னது பெரும்பாலும் இதைத்தான். இருமல் இல்லாமலும் இது வரும். சளிப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்றால் நோயே இல்லை என்று ஆகிவிடாது.

இங்கே விஞ்ஞானம் ஒரு புதிய கருவியைத் தந்திருக்கிறது. வாயு அடைத்த நுண்குமிழிகளை ரத்தக்குழாயில் ஊசியால் செலுத்தி ஸ்கேன் செய்கிறார்கள். ரத்தம் ஓடும் பகுதி திரையில் பளிச்சிடுகிறது. கட்டிக்குள் செத்துப்போன பகுதி கருத்து நிற்கிறது. சில நிமிஷங்களில் வாயு மூச்சோடு வெளியேறிவிடும். எங்கே ஊசி குத்தினால் சரியான மாதிரி கிடைக்கும் என்று டாக்டருக்கு இது காட்டுகிறது.

இதை நாம் வரவேற்கிறோம். ஆனால் படம் மட்டும் தீர்ப்புச் சொல்லாது. புற்றுநோய்க் கட்டியும் சில சமயம் இதே போலத் தோன்றும். ஊசியால் எடுத்த மாதிரியைச் சோதித்தே நோயை உறுதி செய்ய வேண்டும். சுமார் இரண்டு மணி நேரத்தில் முடிவு சொல்லும் ஜீன் பரிசோதனையை இத்தகைய கட்டிகளுக்கும் உலக சுகாதார ஸ்தாபனம் 2013-லேயே சிபாரிசு செய்துவிட்டது.

அப்படியானால் தடை எங்கே? கூலியில்தான்! நாகலூர்க் காப்பித் தோட்டத் தொழிலாளி ஏற்காடு வந்து, 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் போக வேண்டுமென்றால், சோதனை இலவசமானாலும் அன்றைய கூலி போயிற்று. முடிவு வாங்க இன்னொரு நாளும் போயிற்று. நோயாளிக்கு 2024 நவம்பர் முதல் மாதம் 1000 ரூபாய் ஊட்டச்சத்து உதவி உண்டு. நோய் உறுதியான பிறகுதான் அது. அதற்கு முன் அலைந்த நாட்களுக்கு யார் பொறுப்பு? மில் தொழிலாளி ஈ.எஸ்.ஐ. மூலம் காசநோய்க்குக் கூலியில் 80 சதவீதம் பெற வழி உண்டு. வயலில் உழைக்கும் தோழருக்கு அது கிடையாது.

சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய ஆராய்ச்சி, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடும் ஏழையும் ஆஸ்பத்திரியில் படுத்தவரைப் போலவே குணமடைகிறார் என்று 1959-ல் உலகுக்கு நிரூபித்தது. மருந்து வீட்டுக்கு வந்தது. இனி சோதனையும் வரட்டும்!

நாம் கோருவது இதுதான்: ஏற்காடு அரசு மருத்துவமனையில் வாரம் ஒரு நாளாவது கழுத்துக் கட்டிக்கு ஊசி மாதிரி எடுக்க வேண்டும். மாதிரி சர்க்கார் வண்டியில் சேலம் போகட்டும். புதிய ஸ்கேன் தேவைப்படுவோருக்கு அது அரசு மருத்துவமனையிலேயே காசின்றிக் கிடைக்க வேண்டும். சோதனை நாளுக்குக் கூலி தர வேண்டும். நுரையீரலில் நோய் இல்லாதவரிடமிருந்து இந்நோய் பிறருக்குத் தொற்றாது; ஆகவே யாரையும் வேலையைவிட்டு விரட்டக் கூடாது.

தோழர்களே! உங்கள் கழுத்தையும் பிள்ளைகளின் கழுத்தையும் தடவிப் பாருங்கள். இரண்டு வாரத்தில் கட்டி கரையாவிட்டால் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஆறு மாத மருந்து இலவசம். நடுவில் நிறுத்தாதீர்கள். இந்தக் கோரிக்கைகளைச் சங்கக் கூட்டத்தில் தீர்மானமாக்குங்கள்!