படியெடுத்தலும் முளைத்தலும்

அருகிவரும் தாவரங்களைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம், 'அதுதான் தாவரவியல் பூங்காவில் ஒன்று பத்திரமாக இருக்கிறதே' என்று ஆறுதல் சொல்லிக்கொள்கிறோம். இந்த ஆறுதலைச் சற்று ஐயத்தோடு பார்க்கவேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. பத்திரமாக இருப்பது வேறு, பிழைத்திருப்பது வேறு.

லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவில் 1899 முதல் ஒரு மரம் நிற்கிறது. எனஸெஃபலார்ட்டோஸ் வுடீ என்பது அதன் பெயர். டைனோசர் காலத்துக்கும் முந்திய சைக்கட் குலம்; நம் வீட்டுத் தோட்டங்களில் சைகஸ் என்று வளர்க்கிறோமே, அதற்குத் தூரத்து உறவு. 1895இல் ஜான் மெட்லி வுட் என்பவர் தென்னாப்பிரிக்காவின் ஓன்கோயே காட்டில் இதைக் கண்டபோது, ஒரே புதராக நான்கு தண்டுகள் மட்டும் நின்றன. அதன் பிறகு அக்காட்டில் வேறொன்று அகப்படவில்லை. சைக்கட்டுகளில் ஆண் தனி, பெண் தனி. கிடைத்ததோ ஆண். இன்று உலகின் பல தோட்டங்களில் இம்மரம் இருக்கிறது என்றாலும், எல்லாம் அந்த ஒரே புதரின் பக்கக்கன்றுகள். நூறு மரங்கள் போலத் தெரிவது உண்மையில் ஒரே மரம். அண்மை ஆண்டுகளில் ட்ரோன்களைப் பறக்கவிட்டும் பெண் மரம் ஒன்றைத் தேடுகிறார்கள்.

ஏட்டுச்சுவடிகளின் கதை அறிந்த நம் வாசகர்களுக்கு இது புதிதல்ல. ஒரு சுவடியை எத்தனை முறை படியெடுத்தாலும் அந்த நூல் காக்கப்படுகிறது, அவ்வளவுதான். மூலத்தில் செல்லரித்த இடம் எல்லாப் படிகளிலும் செல்லரித்தே இருக்கும். படியெடுப்பவர்களை நாம் குறைத்து மதிப்பிடவில்லை; அவர்கள் இல்லாவிட்டால் பேசுவதற்கே பொருள் இல்லை. ஆனால் படியெடுத்தலோடு கடமை முடிந்தது என்று எண்ணத் தொடங்கும் இடத்தில்தான் நமக்குக் கருத்து வேறுபாடு.

கஃபே மாரோன் என்ற காப்பிக் குடும்பச் செடியின் வரலாறு இதைத் தெளிவாக்கும். மொரீஷியஸைச் சேர்ந்த ரோட்ரிக்ஸ் தீவுக்கு மட்டுமே உரிய செடி அது. 1874இல் வெள்ளி இடைநகர்வைக் காண வந்த குழுவோடு அத்தீவுக்குச் சென்ற ஐசக் பெய்லி பால்ஃபர் அதைப் பதிவு செய்தார். காடழிப்பும் ஆடுமாடுகளின் மேய்ச்சலும் சேர்ந்து தீவை மொட்டையடித்ததில், செடி அற்றுப்போனதாகவே கொள்ளப்பட்டது. 1980இல் ஒரு பள்ளி ஆசிரியர் தம் மாணவர்களைச் செடிகொடி சேகரித்து வரச் சொன்னார். ஒரு சிறுவன் கொண்டுவந்த கிளை கியூவுக்குப் போயிற்று. கஃபே மாரோன்தான் என்று உறுதியாயிற்று. அந்த ஒரு மரம் மட்டுமே மிச்சம்.

செய்தி பரவியதும் மரத்துக்கு ஆபத்து வந்தது. பால்வினை நோய்க்கும் மது மயக்கத்துக்கும் அதை மருந்தென்று தீவினர் நம்பிவந்தார்கள். ஆளாளுக்குக் கிளையை ஒடித்தார்கள். வேலி போட்டார்கள், வேலி போட்டதாலேயே அதன் மதிப்பு உயர்ந்து, திருட்டு அதிகமாயிற்று! 1986இல் அதன் போத்துகள் விமானத்தில் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. ஒன்று வேர்விட்டது.

வேர்விட்ட செடி தழைத்து, வெள்ளை நட்சத்திரங்களாகப் பூத்தது. காய் மட்டும் பிடிக்கவில்லை. போத்து வெட்டி நட்டால் இன்னும் செடிகள் வரும், அவையும் பூக்கும், காய்க்கா. ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள் இப்படியே கழிந்தன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது காப்பாற்றப்பட்ட செடி. தோட்டக்காரருக்கு, மெல்லச் செத்துக்கொண்டிருக்கும் செடி.

ஸ்பெயினிலிருந்து வந்து கியூவில் சேர்ந்த கார்லோஸ் மக்தலேனா என்ற தோட்டக்கலைஞர் இதை ஏற்கவில்லை. மகரந்தம் நன்றாகத்தான் இருக்கிறது, சூல்முடியில் ஏதோ தடை இருக்கவேண்டும் என்று கருதினார். சூல்முடியைக் கத்தியால் சீவிவிட்டு, வெட்டுவாயில் மகரந்தத்தை வைத்துப் பார்த்தார். ஒரு பூவில் அல்ல, எத்தனையோ பூக்களில். 2003இல் ஒரு காய் பிடித்தது. அதில் விதைகள் இருந்தன. நாற்றுகள் எழுந்தன. பின்னர் விதைகள் ரோட்ரிக்ஸ் தீவுக்கே அனுப்பப்பட்டன. பெரிய ஆய்வுக்கூடத்துச் சாதனை அல்ல இது. பூவுக்கு முன்னால் குனிந்து நின்ற ஒருவரின் பிடிவாதம்.

எல்லாப் பிடிவாதமும் பலிப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். மொரீஷியஸின் கூர்ப்பிப் பூங்காவில் ஹயோஃபோர்பே அமரிகாலிஸ் என்ற பனையினத்தின் ஒற்றை மரம் நிற்கிறது. அதன் ஆண் பூக்களும் பெண் பூக்களும் ஒரே சமயத்தில் விரிவதில்லை. ஆய்வுக்கூடத்தில் முளைக்கருவிலிருந்து நாற்று வளர்த்துப் பார்த்தார்கள். மண்ணுக்கு மாற்றியதும் மடிந்தன.

'விதை வங்கி இருக்கிறதே' என்று கேட்பவர்கள் உண்டு. கியூ நிறுவனம் 2000இல் சசெக்ஸின் வேக்ஹர்ஸ்ட்டில் திறந்த மிலேனியம் விதை வங்கி மகத்தான முயற்சிதான். விதைகளை உலர்த்தி, மைனஸ் 20 டிகிரியில் பல்லாண்டு உறங்கவைக்கிறார்கள். ஆனால் எல்லா விதையும் உலர்த்தலைத் தாங்காது. காய்ந்த மாங்கொட்டை முளைக்காது என்பது நம் பாட்டிமார் அறிந்தது. பலா, கோகோ, ரப்பர் எல்லாம் இந்த வகை.

ரப்பர் என்றதும் ஒரு பழைய கணக்கு நினைவுக்கு வருகிறது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து அவசர அவசரமாகக் கியூவுக்குக் கொண்டுவந்த சுமார் 70,000 ரப்பர் விதைகளில் மூவாயிரத்துக்கும் குறைவாகவே முளைத்தன. அந்நாற்றுகள் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் போயின. மலாயாவின் ரப்பர்க் காடுகளில் நம் மக்கள் சிந்திய வியர்வைக்கும், பெயரற்றுப் புதைந்த உடல்களுக்கும் இந்தப் பூங்காவின் நாற்றங்காலில் ஒரு தொடக்கம் உண்டு. ஆகவே கியூவைப் புனிதத் தலமாக்கும் எண்ணம் நமக்கில்லை. ஆனால் காலனிய நிறுவனம் என்ற ஒரே சொல்லால் அங்கு இன்று நடக்கும் வேலையைத் தள்ளிவிடுவதும் நமக்கு உடன்பாடில்லை. அன்று விதை எங்கிருந்து எங்கே போயிற்று என்று கேட்கிறோம். அதே கேள்வியை இன்றைக்கும் கேட்போம். கண்ணாடி மாளிகையில் எத்தனை அரிய இனங்கள் நிற்கின்றன என்ற பட்டியல் நமக்கு வேண்டியதில்லை. எத்தனை இனங்களின் விதை சொந்த மண்ணுக்குத் திரும்பிற்று என்பதைச் சொல்லட்டும்.

கஃபே மாரோனின் நாற்றுகள் இன்னொன்றையும் காட்டின. வளர்ந்த செடியின் இலை அகன்றது. இளஞ்செடியின் இலையோ நீண்டு ஒடுங்கி, காய்ந்த சருகு போன்ற நிறத்தில் இருந்தது. பால்ஃபர் இட்ட பழைய பெயரிலேயே 'வேற்றிலை' என்ற பொருள் உண்டு. தீவில் அன்று திரிந்த பேராமைகளின் வாய்க்குத் தப்புவதற்கான வேடம் அது என்று ஊகிக்கிறார்கள். ஆமைகளின் தலை எட்டாத உயரம் வந்ததும் செடி வேடத்தைக் கலைத்துவிடுகிறது. அந்த ஆமைகள் அற்றுப்போய் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. லண்டன் தொட்டியில் முளைத்த கன்றும் அதே வேடத்தோடுதான் வந்தது.