சேவையா, சரக்கா?

அமெரிக்காவில் பெயர்பெற்ற சர்வகலாசாலைகளில் இடம் கிடைக்க மார்க்கு மட்டும் போதாது. "பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய்? யாருக்கு உதவினாய்?" என்று விண்ணப்பத்தில் கேட்கிறார்கள். கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் முதலாளித்துவச் சந்தை இதற்கும் பதில் விற்கக் கடை திறந்துவிட்டது.

பல ஆயிரம் டாலர் கட்டினால் இரண்டு வாரம் அன்னிய நாட்டில் "சேவை" செய்துவிட்டு வரலாம். கரணை பிடித்தறியாத பையன் அங்கே பள்ளிக்கூடச் சுவர் எழுப்புகிறான். அந்த விமானக் கட்டணத்தில் உள்ளூர்க் கொத்தனார்கள் எத்தனை பேருக்கு எத்தனை நாள் கூலி கொடுத்திருக்கலாம்!

சுவராவது பரவாயில்லை. கம்போடியாவில் நடந்ததைப் பாருங்கள். 2005க்கும் 2010க்கும் இடையே அங்கே அனாதை விடுதிகள் 75 சதவிகிதம் பெருகின. அவற்றிலிருந்த குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் மூவருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள் என்று 2011ல் யுனிசெப் அம்பலப்படுத்தியது. வறுமை பெற்றோரிடமிருந்து பிள்ளையைப் பிரித்தது. பார்க்க வந்தவர்களின் பணம் விடுதியை வியாபாரமாக்கியது. இத்தகைய கொடுமையை நவீன அடிமைத்தனம் என்று 2018ல் ஆஸ்திரேலியா ஏற்றுக்கொண்டது.

அப்படியானால் வெளிநாட்டுத் தொண்டே தவறா? இல்லை. 1938ல் சீன மக்கள் அழைத்தபோது ஐந்து இந்திய டாக்டர்கள் போனார்கள். தொழில் தெரிந்து போனார்கள். அவர்களில் டாக்டர் கோட்னிஸ் 1942ல் அங்கேயே உயிர் நீத்தார். அவர் எந்தக் கல்லூரிக்கும் விண்ணப்பம் போடப் போகவில்லை!

அழைத்தவர் யார், தெரிந்த தொழில் என்ன, தங்கும் காலம் எவ்வளவு? இந்த மூன்று கேள்விக்கும் பதில் இல்லாத பயணம் உல்லாசப் பயணமே.

2016ல் ஹார்வர்டு கல்விப் பள்ளியின் அறிக்கையே இதன் ஒரு பகுதியை ஒப்புக்கொண்டது. தொண்டு உள்ளூரிலா, தூர தேசத்திலா என்பதல்ல முக்கியம். குறைந்தது ஓராண்டாவது மனமொன்றிச் செய்ததா என்பதே முக்கியம் என்றது. குடும்பத்துக்காகச் சம்பாதிப்பதையும், தம்பி தங்கைகளைப் பராமரிப்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றது.

இதை நாம் வரவேற்கிறோம். மாலையில் ஓட்டலில் தட்டுக் கழுவி வீட்டு வாடகைக்குக் கொடுக்கும் தொழிலாளி மகளுக்கு அன்னிய தேசம் போக வசதியில்லை. அவள் செய்வதே பெரிய தொண்டு. ஆனால் அறிக்கை மட்டும் கதவைத் திறந்துவிடாது. 2019ல் அமெரிக்காவில் வெடித்த கல்லூரி அனுமதி ஊழலில், பணக்காரர்கள் கொடுத்த லஞ்சம் ஒரு தரும ஸ்தாபனத்தின் பெயரில்தான் கைமாறியது. தருமமே அங்கே திரையாயிற்று!

தோழர்களே! இரவில் பக்கத்துக் குடிசைப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தரும் உங்கள் மகனும், அம்மா நடவுக்குப் போனதும் கைக்குழந்தையை இடுப்பில் சுமக்கும் உங்கள் மகளும் எவனுக்கும் குறைந்தவர்களல்ல. நாலு பேர் முன்னால் அதைத் தலைநிமிர்ந்து சொல்லக் கற்றுக்கொடுங்கள். ஆனால் ஒன்று: அந்தச் சுமையே அவர்களின் படிப்பை விழுங்கிவிடக் கூடாது. உழைக்கும் வீட்டுப் பிள்ளைக்குப் பாராட்டு மட்டும் போதாது. இடமும் வேண்டும், உபகாரச் சம்பளமும் வேண்டும். எந்த நாடானாலும் நாம் கேட்பது இதுதான்.