சுற்றவாளி எண்டு சொல்ல எத்தனை நாள் லீவு போடோணும்?

அப்பா பேசாலையிலிருந்து மன்னார் டவுனுக்குத் தினமும் மோட்டார் சைக்கிளில் போய் வாறவர். போன வருசம் ஒருநாள் ட்ராபிக் பொலிஸ் மறித்து, சிக்னல் போடாமல் திரும்பினதாகச் சொல்லி, லைசன்ஸை வாங்கி வைத்துக்கொண்டு துண்டு எழுதிக் குடுத்திருக்கிறார். "நான் போட்டனான் ஐயா" எண்டு அப்பா ரெண்டு தரம் சொல்லியிருக்கிறார். கேட்டவருக்குத் தமிழ் விளங்கவில்லையோ, விளங்க விருப்பமில்லையோ தெரியாது.

வீட்டுக்கு வந்து துண்டை என்னட்டத் தந்து, "என்ன எழுதிக்கிடக்கு எண்டு பார்" எண்டார். கையால் எழுதின பகுதி முழுக்கச் சிங்களம். கம்பஸில் பொறுக்கின அரைகுறைச் சிங்களத்தில் எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். பாதிதான் பிடிபட்டது. அடுத்தநாள் அப்பா தபாற்கந்தோரில் காசைக் கட்டிவிட்டார்.

"பிழை செய்யேல்லை எண்டா ஏன் கட்டுறீங்க?"

"பின்ன, கோட்டுக்கு அலையவா?"

எனக்குப் பதில் வரவில்லை. பிறகுதான் தேடி வாசித்தேன்.

எங்களில் கனபேர் அந்தத் துண்டைத் தீர்ப்பு எண்டு நினைக்கிறோம். உண்மையில் அது பொலிஸ் முன்வைக்கிற ஒரு பேரம். 'இந்தக் காசைக் கட்டினால் உன்னை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக மாட்டோம்' என்பதுதான் அதன் பொருள். மோட்டார் வாகனச் சட்டம் 1951 ஆம் ஆண்டினது. அந்த இடத்திலேயே தண்டம் எழுதுகிற முறை பிறகு அதில் சேர்க்கப்பட்டது. லைசன்ஸுக்குப் பதிலாகத் தருகிற அந்தத் தாளை வைத்து 14 நாள் வண்டி ஓடலாம். அதற்குள் கட்டி, பற்றுச்சீட்டைப் பொலிஸ் நிலையத்தில் காட்டினால் லைசன்ஸ் திரும்ப வரும். 14 நாள் தாண்டினால் தண்டம் இரட்டிப்பு. 28 நாளும் தாண்டினால் விசயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். குடிபோதை, லைசன்ஸே இல்லாமல் ஓடுவது, காப்புறுதி இல்லாதது எல்லாம் இந்தக் கணக்கில் வராது. அவை நேரே கோர்ட்.

ஆக, பிழை செய்யாதவன் செய்யக்கூடியது காசைக் கட்டாமல் விடுவது, வழக்குக்குப் போவது, 'சுற்றவாளி' எண்டு சொல்வது. அதற்குப் பிறகு குற்றத்தை நிரூபிக்க வேண்டியது பொலிஸின் வேலை. சட்டத்தரணி கட்டாயமும் இல்லை. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் முதல் தவணையில் சுற்றவாளி எண்டு சொன்னால் விளக்கத்துக்கு இன்னொரு தவணை குடுப்பார்கள். சாட்சி சொல்ல வேண்டிய உத்தியோகத்தர் அன்றைக்கு வராவிட்டால் மூன்றாவது. தினக்கூலிக்குப் போறவருக்கு ஒவ்வொரு தவணையும் ஒருநாள் சம்பளம். தோற்றால் கோர்ட் போடுகிற தண்டம் துண்டில் உள்ளதைவிடக் கூடவும் வரலாம். தபாற்கந்தோரில் அரை மணித்தியாலத்தில் முடிகிற விசயம். அப்பா கணக்குத் தெரிந்தவர்.

எனக்கு இதில் உறைக்கிறது மொழி விசயம். அரசியலமைப்பின்படி வடக்கு, கிழக்கில் நிருவாக மொழி தமிழ். இங்கே நீதிமன்ற மொழியும் தமிழ். மன்னார் கோர்ட்டுக்குப் போனால் குற்றச்சாட்டைத் தமிழில் வாசித்துக் காட்டுவார்கள். ஆனால் நாங்கள் அங்கே போறதில்லை. எங்கட கைக்கு வாற தாளோ எங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில். என்ன குற்றம் எண்டு தெரியாதவர் அதை மறுப்பது எப்படி? 1991 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு இதைப் பற்றி முறையிடலாம். ஒரு துண்டுக்காக ஆர் எழுதப்போகினம் எண்டு கேட்காதீங்க. துண்டைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு ஒரு கம்பஸ் பேட்ச் சேர்ந்து எழுதினால் அது வேற கதை.

மதவாச்சிப் பக்கம் பிடிபட்டால் இன்னும் மோசம். காசை எந்தத் தபாற்கந்தோரிலும் கட்டலாம், லைசன்ஸை எடுக்க மட்டும் பிடித்த பொலிஸ் நிலையத்துக்கே திரும்பப் போகோணும். 2025 இல் 'கவ்பே' மூலம் போனிலேயே தண்டம் கட்டி, நின்ற இடத்திலேயே லைசன்ஸை வாங்கும் முறை குருநாகல் – அநுராதபுரம் வீதியில் பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. நல்ல விசயம், அலைச்சல் குறையும். ஆனால் அது காசு கட்டுவதைத்தான் சுகமாக்குது. மறுக்கிறவருக்கு அதில் ஒரு பட்டனும் இல்லை.

வாகனத்தையே பிடித்தால் வேற வழி. பிடித்த பொருளைப் பொலிஸ் நீதவானுக்கு அறிவிக்க வேண்டும் எண்டு 1979 ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை சொல்லுது. உரிமையாளர் பதிவுப் புத்தகத்தோட நகர்த்தல் பத்திரம் போட்டு, வழக்கு முடியும்வரை பிணைமுறியில் விடுவிக்கச் சொல்லிக் கேட்கலாம். இது தெரியாமல் 'வழக்கு முடியட்டும்' எண்டு இருந்தால், எங்கட உப்புக்காத்தில் பொலிஸ் முற்றத்தில் நிற்கிற வண்டி என்ன கதிக்கு வரும் எண்டு சொல்லத் தேவையில்லை. மரம் ஏற்றிப் பிடிபட்ட உழவு இயந்திரம் எண்டால் வனச் சட்டத்தில் பறிமுதலாகவே போகலாம். தான் முன்னெச்சரிக்கையாக இருந்ததை உரிமையாளர்தான் காட்ட வேண்டும்.

பொலிஸ் மறிக்கவே கூடாது எண்டு நான் சொல்ல வரவில்லை. தலைமன்னார் ரோட்டில் ஹெல்மெட் இல்லாமல் மூன்றுபேர் ஏறிப் பறக்கிற எங்கட பெடியளை மறிக்கத்தான் வேணும். (டவுனில் சிக்னல் போடாமல் குறுக்க வாறதில் முதலிடம் கழுதைகளுக்கு. அதுகளுக்குத் துண்டு எழுத ஆளில்லை.) நான் கேட்கிறது சின்ன விசயம். துண்டைத் தமிழில் எழுதுங்கோ. மறுக்க விரும்பினால் என்ன செய்யலாம் எண்டு அதிலேயே ரெண்டு வரி போடுங்கோ. வழக்கு முடியும்வரை லைசன்ஸை அடகுபோல வைத்திருக்காதீங்கோ.

அப்பாவுக்கு லைசன்ஸ் கிடைத்துவிட்டது. அதை எடுக்கிறபோது துண்டைத் திருப்பிக் குடுத்துவிட்டார். படம் எடுக்க எனக்கும் அப்ப தோன்றவில்லை. அதில் மிச்சப் பாதி என்ன எழுதியிருந்தது எண்டு வீட்டில் ஒருவருக்கும் இன்னும் தெரியாது.