அனுசரிச்சுப் போகணுமாம்

புதுசா வேலைக்குப் போகும் தலித் பிள்ளைக்கு ஊரே சொல்கிற புத்தி ஒன்றுதான்: 'மேலதிகாரிய அனுசரிச்சுப் போ.' எதை அனுசரிப்பது? பக்கத்து சீட்டுக்காரன் டீ குடிக்கப் போனால் சும்மா. நாம் போனால் மெமோ. அவன் எழுதிய வரைவில் தப்பிருந்தால் கைப்பிழை. நமக்கென்றால் 'கோட்டாவுல வந்தது'. கேட்டால், கண்டிப்பாம், நிர்வாகமாம்!

கொலம்பியாவில் படித்துவிட்டு 1917இல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தார் அம்பேத்கர். பியூன்கள்கூட தூர நின்றுதான் அவர் மேசையில் ஃபைலை விட்டெறிந்தார்கள். இன்றைக்கு ஃபைல் கைக்கு வருகிறது. தீட்டு மெமோவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

தகுதிகாண் பருவம்தான் அவர்கள் கைச் சாட்டை. தமிழக அரசுப் பணியில் பொதுவாக இரண்டு வருசம். 'முடிச்சுக் குடுக்க மாட்டேன்' என்ற ஒரே மிரட்டலில் லீவு, சங்கம், பேச்சு எல்லாம் அடங்கிப்போகிறது. உத்தரவு வாயால் வரும், குற்றச்சாட்டு மட்டும் காகிதத்தில் வரும்.

தம்பி, தங்கச்சி, அந்தக் காகிதத்தை நாம் கையிலெடுப்போம். வாய் உத்தரவா? 'எழுத்துல குடுங்க' என்று கேள். மெமோவுக்குக் கெடுவுக்குள் பதில் எழுது, நகல் வை. 17(ஆ) என்று பூச்சாண்டி காட்டினால், விசாரணை நடத்தாமல் அதில் தண்டனை கிடையாது. சாதி சொல்லி ஏசினால் தேதி, நேரம், கேட்டவர் பெயர் குறித்து வை. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு நிற்க அதுதான் வேண்டும். தனியா நிக்காதே, சங்கத்தோடு நில்.

இந்த நாற்காலி எவன் போட்ட பிச்சையுமில்லை. அரசியல் சட்டம் 16(4) சொன்ன பங்கு. அனுசரிச்சுப் பழக வேண்டியது அவர்கள்தான்.