செவ்வாய்க்கிழமை வருகின்றவர்

கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் ஓல்டனிலும் சுற்றயலிலும் வாழும் எம்மவர் இல்லங்களில் ஒரு பேச்சு எழுவதுண்டு. இங்கே பிறந்து, இங்கேயே படித்து வளர்ந்த பிள்ளைகள், பெற்றோருடன் யாழ்ப்பாணம் செல்லும் சில கிழமைகளுள் பயனுள்ள பணி ஏதாவது செய்ய விரும்புகின்றனர். "அங்குள்ள வைத்தியசாலையில், குழந்தைகள் விடுதியில் இரண்டு கிழமை தொண்டு செய்யலாமா?" என்று எம்மிடமும் கேட்கின்றனர். அவர்களது உள்ளத்தில் களங்கம் ஏதுமில்லை என்பதை நாம் அறிவோம். ஆயினும் எமது விடை அவர்களுக்கு உவப்பாக இராது.

விடையைக் கூறுமுன் எமது வீட்டில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லவேண்டும். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எமது மகனுக்கு அப்போது ஆறு வயது. காலெலும்பில் கிருமி பற்றிப் பல கிழமைகள் வைத்தியசாலையில் கிடந்தான். ஓல்டனில் தனியான சிறுவர் வைத்தியசாலை இல்லை. ஆராவுக்கோ பாசலுக்கோ பேர்ணுக்கோதான் பிள்ளையைக் கொண்டு செல்லவேண்டும். எமது மகன் எங்கே இருந்தான் என்பது இங்கு தேவையற்றது. வீட்டிலே கைக்குழந்தை. எமக்கோ உணவகச் சமையலறையில் மாலை வேலை. புகையிரதம் ஏறிப் போய், ஒரு மணிநேரம் அவனருகில் இருந்துவிட்டு, அடுத்த புகையிரதத்தில் திரும்பி ஓடிவருவோம். நாம் எழும்பும்போது அவன் அழமாட்டான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். அழுதிருந்தால் எமக்குச் சுகமாயிருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் அவன் திரும்பிப் படுப்பதில்லை. அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு சுவிஸ் மூதாட்டி வருவார். ஓய்வுபெற்ற தபாற்கந்தோர் ஊழியர். சம்பளம் வாங்காத தொண்டர். தமிழ் தெரியாது. அவர் கொண்டுவந்தது 'ஐலே மிட் வைலே' என்ற பலகை ஆட்டம். இந்நாட்டவர் வீடுகளில் பெரும்பாலும் இருக்கும் அந்த ஆட்டம் இந்தியாவின் பச்சீசியிலிருந்து வந்தது என்பதை நாம் பின்னரே அறிந்தோம். எம்மூர்த் தாயத்துக்கும் அது உறவுதான். மகன் அவருக்குத் "தாயம்" என்ற சொல்லைச் சொல்லிக்கொடுத்தான். அவரும் கட்டை உருளும்போதெல்லாம் "தாயம்! தாயம்!" என்று கத்துவார். மருந்தைப் பற்றி அவர் கேட்டதில்லை. நாம் எந்த நாட்டவர், ஏன் வந்தோம், எமது வழக்கு எந்நிலையில் உள்ளது என்றும் கேட்டதில்லை. ஒரு செவ்வாய் தடிமன் காரணமாக வரமுடியாமற் போனபோது, தாதியிடம் சொல்லியனுப்பியிருந்தார். அடுத்த செவ்வாய் வருவேன் என்று சொன்னபடியே வந்தார்.

தொண்டு என்பதன் முழுப்பொருளும் எமக்கு அன்றுதான் விளங்கியது. நோயுற்ற குழந்தையைச் சுற்றி எல்லாமே மாறிக்கொண்டிருக்கும். காலையில் ஒரு தாதி, இரவில் இன்னொருவர். இன்று ஊசி, நாளை படப்பிடிப்பு. வருவேன் என்று சொன்ன நாளில் வருகின்ற ஒரு முகம் அந்தக் குழந்தைக்குப் பெரும் பிடிமானம். கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஐரோப்பிய வைத்தியசாலைகள் இதை உணரவில்லை. பெற்றோரைக்கூடக் குறித்த நேரத்துக்கு மட்டுமே உள்ளே விட்டன. 1952 இல் ஜேம்ஸ் றொபேட்சன் என்பவர் இலண்டனில், தாயைப் பிரிந்து வைத்தியசாலையிற் கிடந்த இரண்டு வயதுச் சிறுமியைப் படம் பிடித்துக் காட்டினார். வைத்தியர் பலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் கதவுகள் மெல்லத் திறந்தன. 1988 இல் நெதர்லாந்தின் லைடன் நகரிற் கூடிய ஐரோப்பிய அமைப்புகள், வைத்தியசாலையில் உள்ள குழந்தையுடன் பெற்றோர் எந்நேரமும் இருக்கலாம் என்பதை உரிமையாகவே எழுதிவைத்தன.

இனி, இரண்டு கிழமைத் தொண்டுக்கு வருவோம். முதற் கிழமை பிள்ளை உங்களுடன் பழகும். இரண்டாம் கிழமை உங்கள் கையைப் பிடித்துக்கொள்ளும். மூன்றாம் கிழமை நீங்கள் ஓல்டனில் இருப்பீர்கள். அந்தக் கட்டிலருகே ஏற்கெனவே தாயோ அம்மம்மாவோ பாயை விரித்து உட்கார்ந்திருப்பார். நெரிசலான விடுதியில் இன்னொரு ஆள் இன்னொரு இடைஞ்சலே. போதாக்குறைக்குக் கைத்தொலைபேசி. தலைமயிர் கொட்டிய ஒரு பிள்ளையை அணைத்தபடி எடுத்த படம் அன்றிரவே உலகைச் சுற்றிவருகின்றது. பாசலில் ஒரு சுவிஸ் பிள்ளையை அவ்வாறு படமெடுத்துப் பரப்ப யாராவது துணிவார்களா? எமது பிள்ளைகள் என்றதும் அந்தக் கூச்சம் எங்கே போய்விடுகின்றது? (அகதி அந்தஸ்துப் பெற்றோர் தாயகம் செல்ல முடியாது; அவர்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை.)

வெளியிலிருந்து வந்து உண்மையாகவே உதவியவர்கள் உண்டு. அவர்கள் தங்கினார்கள். சூரிச்சைச் சேர்ந்த குழந்தை வைத்தியர் பெயாட் றிச்னர் 1974 இல் செஞ்சிலுவைச் சங்க வைத்தியராகக் கம்போடியா சென்றார். கெமரூஜ் படையினர் ஆட்சியைப் பிடித்த 1975 இல் வெளியேற நேர்ந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மீண்டும் சென்று, இடிந்து கிடந்த கந்தபொபா சிறுவர் வைத்தியசாலையை எழுப்பினார். செலோ வாத்தியம் வாசித்து, நன்கொடை திரட்டி, மேலும் வைத்தியசாலைகளைக் கட்டினார். அங்கே சிகிச்சை இலவசம். பணியாளர் ஏறத்தாழ அனைவரும் கம்போடியரே. 2018 இல் அவர் மறைந்தபோது, ஆட்களைப் பயிற்றிவிட்டே போயிருந்தார். அதற்கும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் எமது மானிப்பாயில் இருந்த அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் கிறீனை நினைத்துப் பாருங்கள். 1847 இல் வந்தவர், இடையிலே சில ஆண்டுகள் தாய்நாடு சென்று திரும்பி, 1873 வரை பணியாற்றினார். தமிழைக் கற்றார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். எம்மவரைத் தமிழிலேயே வைத்தியராக்கினார்.

போக வழியிருந்தும் போகாதவர்களும் உண்டு. 1987 ஒக்ரோபர் 21 அன்று இந்தியப் படையினர் யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள் புகுந்து சுட்டனர். மறுநாள், குழந்தை வைத்திய நிபுணர் சிவபாதசுந்தரம் தாதியருடன் கைகளை உயர்த்தியபடி வந்தார். தாம் வைத்தியர் என்று சொல்லியும் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த இரு நாள்களில் நோயாளரும் பணியாளருமாக அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்த விடுதிகளுக்குள் விடுமுறைக்காலப் பயணியாக நுழையுமுன் இதைத் தெரிந்துகொள்வது நன்று.

அப்படியானால் எமது பிள்ளைகளின் நல்லெண்ணத்துக்கு இடமே இல்லையா? இருக்கின்றது; ஓல்டனிலிருந்து புகையிரதத்தில் அரை மணிநேரத் தூரத்துக்குள்ளேயே இருக்கின்றது. இந்நாட்டின் சிறுவர் வைத்தியசாலைகளில் கட்டிலருகே இருக்கவும், கதை வாசிக்கவும், கூடப்பிறந்த சிறுவர்களைப் பார்த்துக்கொள்ளவும் தொண்டர்கள் தேவை. குற்றப்பதிவுச் சான்று கேட்பர். சிறுவருடன் பணிபுரிவோருக்கென 2015 முதல் தனியான சான்றும் உண்டு. சின்னமுத்து, கொப்புளிப்பான் முதலியவற்றுக்குத் தடுப்பூசி போட்டீர்களா எனக் கேட்கலாம். கண்டதையும் கேட்டதையும் வெளியே சொல்லேன் எனக் கையொப்பமிடவேண்டும். இது எம்மவருக்கு மிகக் கடினமான நிபந்தனை என்பது எமது அபிப்பிராயம். கோவிற் திருவிழாவில் ஒரு வாய் திறந்தால் போதும். தஞ்ச வழக்கு முடியாதோர் முதலில் மாநில அலுவலகத்திடம் கேட்கவேண்டும். வழமையாக ஊதியத்துக்குச் செய்யும் வேலையை ஊதியமின்றிச் செய்தாலும் சுவிஸ் சட்டம் அதைத் தொழிலாகவே கருதும். நல்லது செய்யப்போய் வழக்கைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இங்கே வளர்ந்த பிள்ளைகளிடம் வேறெவரிடமும் இல்லாத ஓர் அறிவு உண்டு. எமது மகனின் வைத்தியர் வந்து பேசியபோது மொழிபெயர்த்தவள் பதினொரு வயது மகள். சத்திரசிகிச்சை தேவைப்படலாம் என்று வைத்தியர் சொன்னார். "இன்னும் கொஞ்ச நாளில் சுகமாகிவிடும் என்கிறார், அம்மா" என்று அவள் சொன்னாள். தாய் அழக்கூடாது என்பதற்காக. ஆண்டுகள் பல கழிந்தபின்னரே அதை எம்மிடம் ஒப்புக்கொண்டாள். சத்திரசிகிச்சை தேவைப்படவில்லை; ஆனால் அந்த நாள்களை அவள் தனியே சுமந்திருக்கின்றாள். இன்று பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர்கள் உள்ளனர். வைத்தியசாலையிடம் கேளுங்கள், பிள்ளையை அந்த இடத்தில் நிறுத்தாதீர்கள். புதிதாய் வந்த எரித்திரியக் குடும்பத்தின் பிள்ளை ஒன்று தாய்க்கும் வைத்தியருக்கும் நடுவில் நிற்கும்போது, அது என்னவென்று பார்த்தவுடனே விளங்கிக்கொள்ளக்கூடியவர்கள் அந்த மகளைப் போன்றோர்.

"ஓய்வு நாளில் சம்பளமில்லாத வேலையா?" என்று எமது நண்பர் ஒருவர் சிரித்தார். அவரே, தெரிந்தவர் வீட்டுப் பிள்ளை வைத்தியசாலையில் என்றால் இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு மூன்று புகையிரதம் மாறிப் போகின்றவர். தெரியாத பிள்ளைக்குத்தான் எமக்குக் கால் எழுவதில்லை. நாமும் விதிவிலக்கன்று. அந்த மூதாட்டிக்குப் பட்ட கடனை அடைக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓட்டிவிட்டோம். வேலை, கடன், வீடு, மகளின் கலியாணம் என்று காரணங்கள் தட்டுப்படவில்லை. இவ்வாண்டுதான் விண்ணப்பப் படிவத்தை எடுத்தோம். எமது ஜேர்மன் மொழியைக் கேட்டுக் குழந்தைகள் சிரிப்பார்களோ என்ற அச்சம் இருக்கின்றது. அடுத்த மாதம் நேரில் வரச் சொல்லியிருக்கின்றார்கள். கிழமையில் எந்த நாள் வசதி என்ற கேள்விக்குச் செவ்வாய் என்று எழுதியிருக்கின்றோம்.