காரைத் துடைக்கவா பிள்ளை பள்ளிக்கு வருகிறது?



ஆசிரியர்களாகிய எங்களைப் பற்றித்தான் பேசுகிறோம். லீசிங்கில் கார் எடுத்தோம், சந்தோஷம். முதல் பாடத்துக்கு முன் அதைத் துடைக்க லயத்துப் பிள்ளையைக் கூப்பிடுகிறோமே, அது எந்தப் பாடத்திட்டத்தில் இருக்கிறது? கொழுந்தெடுக்கப் போகும் அவசரத்திலும் தாய் ரொட்டி சுட்டுக் கொடுத்து, படி என்று அனுப்பிய பிள்ளை அது.

"சும்மா ஒரு துடைதானே, சேர்?" சரி, காருக்காவது நல்லதா? தோட்டத்து ரோட்டுப் புழுதியில் குவார்ட்ஸ் மணல் இருக்கிறது. பெயின்டை விடக் கடினம். ஹட்டன் மூடுபனியில் அது நனைந்து சேறாக ஒட்டிக்கொள்ளும். அதைப் பழைய சாரத்துணியால் அழுத்தித் தேய்த்தால், வெயிலில் நிறுத்திப் பாருங்கள், வட்ட வட்டமாகக் கீறல். மெழுகேற்றிய நூல் டஸ்டர்கூட காய்ந்த மெல்லிய தூசுக்கு மட்டும்தான். அதையும் அழுத்தாமல் இழுத்து, அடிக்கடி உதற வேண்டும். சேறென்றால் முதலில் தண்ணீர் ஊற்றத்தான் வேண்டும்.

இதைப் பத்து வயதுப் பிள்ளைக்கு எங்களில் யார் சொல்லிக்கொடுத்தோம்? கீறல் விழுந்தால் ஏச்சு மட்டும் தாராளம்!

திங்கட்கிழமையிலிருந்து டஸ்டரை நாங்களே பிடிப்போம். நேரமில்லையா, கார் புழுதியோடு நிற்கட்டும்.